ஆறாவது விரலும் ஈயின் பட்டைகளும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எலியின் கண் மரபணுவை ஈயின் காலில் வேலை செய்ய வைத்தபோது அங்கே ஒரு கண் முளைத்தது, அதுவும் எலிக்கண் அல்ல, ஈயின் கண் என்று சென்ற மாதம் எழுதியிருந்தீர்கள். அன்றிலிருந்து அது மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறது. நான் வணிகவியல் படித்தவன். உயிரியலைப் பத்தாம் வகுப்போடு கைகழுவியாயிற்று. அதனால் கேள்வி சிறுபிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எலிக்கும் ஈக்கும் ஒரே மரபணு என்றால் உருவம் மட்டும் எப்படி வேறு வேறாக வருகிறது? இன்னொன்று. உடம்பின் எல்லாச் செல்லிலும் ஒரே டிஎன்ஏதான் என்கிறார்கள். அப்படியானால் தலையாக வேண்டிய செல்லுக்குத் தான் தலைப்பக்கம் இருக்கிறோம் என்பது எப்படித் தெரியும்? யார் சொல்வது?

இதைக் கேட்க ஒரு சொந்தக் காரணமும் உண்டு. என் தங்கை மகளுக்கு மூன்று மாதம் முன்பு பையன் பிறந்தான். வலது கையில் கட்டைவிரலை ஒட்டி இன்னொரு குட்டி விரல். வீட்டுப் பெரியவர்கள் அதிர்ஷ்டம் என்கிறார்கள். டாக்டர், "மரபணு காரணமாக இருக்கலாம்" என்றார். குரோமோசோம் சோதனை எடுத்தோம். எல்லாம் சரியாக இருக்கிறது என்று முடிவு வந்தது. பிறகு எந்த மரபணு?

கடைசியாக ஒன்று. வெறும் துளியிலிருந்து இவ்வளவு கணக்காக ஓர் உடல் வருகிறதே, திட்டம் போட்டவன் ஒருவன் இல்லாமலா?

அன்புடன்,
ஆர்.

*

அன்புள்ள ஆர்.,

உங்கள் முதல் இரண்டு கேள்விகளும் உண்மையில் ஒன்றுதான். குழந்தையின் விரலும் அங்கேயே வந்து சேரும். ஆனால் ஈயிலிருந்துதான் தொடங்க வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலில் முளைத்த கண்ணை முதலில் முடித்துவிடலாம். 1995ல் சுவிட்சர்லாந்தின் பாசலில் வால்டர் கெஹ்ரிங்கின் ஆய்வகத்தில் செய்த சோதனை அது. பாக்ஸ்6 என்ற அந்த மரபணு கண்ணைக் கட்டுவதில்லை. லென்ஸ் செய்வதும் ஒளியை வாங்கும் நிறமியைச் செய்வதும் வேறு மரபணுக்கள். பாக்ஸ்6 தரும் புரதம் டிஎன்ஏவின் மேல் போய் உட்கார்ந்து அந்த மரபணுக்களை எழுப்பிவிடுகிறது, அவ்வளவுதான். ஈயின் காலில் அது எழுப்பியது ஈயின் மரபணுக்களை. வந்ததும் ஈயின் கண்.

ஆக, மரபணுக்களில் ஒரு பகுதி பொருள் செய்கிறது, இன்னொரு பகுதி மற்ற மரபணுக்களை எழுப்புகிறது அல்லது அடக்குகிறது. அப்படி வந்து உட்காரும் புரதங்களுக்கு டிஎன்ஏவில் தனி இடங்கள் உண்டு. என்ஹான்சர் என்பார்கள், நான் சுவிட்ச் என்றே எழுதுகிறேன். மனிதனுக்கு ஏறத்தாழ 20,000 மரபணுக்கள் இருக்கின்றன, ஈக்கு 14,000 போல. மனித டிஎன்ஏவில் புரதத்துக்கான பகுதி 2 சதவீதம்கூட இல்லை. உருவம் எங்கே எழுதியிருக்கிறது என்றால், பெரும்பாலும் மரபணுவுக்குள் அல்ல, அதற்கு வெளியே இருக்கும் சுவிட்சுகளில். இப்படிப் பொதுவாகச் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவோம், ஒன்றும் விளங்கியிருக்காது. ஒரே ஒரு சுவிட்சைப் பிரித்துப் பார்ப்போம்.

வாழைப்பழத்தை மொய்க்கும் சின்ன ஈ இருக்கிறதல்லவா, அதன் முட்டை அரை மில்லிமீட்டர் நீளம். இட்ட பிறகு உட்கரு இரண்டாகி, நான்காகி, எட்டாகிப் பதின்மூன்று சுற்று பிரிகிறது. வேடிக்கை என்னவென்றால் இந்தக் கட்டத்தில் உட்கருக்களுக்கு நடுவே சுவரே கிடையாது. முட்டை முழுக்க ஒரே கூடம். கடைசியில் சுமார் 6000 உட்கருக்கள் முட்டையின் ஓரத்தில் வரிசையாக வந்து நிற்கின்றன. எல்லாவற்றிலும் ஒரே டிஎன்ஏ. எதற்கும் தான் யார் என்று தெரியாது. நீங்கள் கேட்ட கேள்வி அப்படியே இங்கே நிற்கிறது.

முதல் துப்பு தாய் வைத்தது. முட்டை உருவாகும்போதே அதன் ஒரு முனையில் பைகாய்ட் என்ற மரபணுவின் தூதுவ ஆர்என்ஏவை (புரதம் செய்வதற்கான நகல்) தாய் ஒட்டிவைத்துவிடுகிறாள். முட்டை வெளியே வந்ததும் அதிலிருந்து புரதம் உண்டாகி, அந்த முனையிலிருந்து பரவுகிறது. பரவும்போதே அழிந்தும் போகிறது. அதனால் தலைப்பக்கம் அடர்த்தி, போகப் போக நீர்த்து, வால்பக்கம் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. காபிக்கொட்டை வறுக்கும் கடை இருக்கிற தெருவில் கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் கடை எவ்வளவு கிட்டத்தில் என்று மூக்கு சொல்லிவிடும். உட்கருவுக்கும் அதேதான். யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. தன்னைச் சுற்றி பைகாய்ட் எவ்வளவு என்பதுதான் அதற்குக் கிடைக்கும் முகவரி.

இது ஊகம் அல்ல. பைகாய்ட் மரபணு பழுதான தாயின் முட்டையில் தலையும் மார்பும் வரவே இல்லை. தலை வர வேண்டிய முனையில் வால்நுனி உறுப்புகள். அந்தத் தூதுவ ஆர்என்ஏவை முட்டையின் நடுவில் ஊசியால் செலுத்தினால் நடுவில் தலை உறுப்புகள். தாய்க்கு இந்த மரபணுவின் பிரதிகளைக் கூட்டிவிட்டால் தலைக்கும் உடலுக்கும் நடுவே விழும் மடிப்பு பின்னால் தள்ளிப்போகிறது. தலையிலிருந்து வாலுக்கு பைகாய்ட் குறைந்துகொண்டே போகும் அந்தச் சரிவை 1988ல் அளந்து காட்டியவர்கள் வொல்ஃப்காங் ட்ரீவரும் கிறிஸ்டியானே நியூஸ்லைன்-ஃபோல்ஹார்டும்.

நியூஸ்லைன்-ஃபோல்ஹார்ட் என்றதும் ஜெர்மனியின் ஹைடல்பெர்கைச் சொல்லாமல் தாண்ட முடியாது. எழுபதுகளின் கடைசியில் அவரும் எரிக் வீஷவுசும் அங்கே ஒரு சிறிய ஆய்வகத்தில், ஆண் ஈக்களுக்கு மரபணுவைக் கெடுக்கும் ரசாயனத்தைக் கொடுத்து, அவற்றின் வழிவந்த, பொரிக்காமல் செத்துப்போன கருக்களை ஆயிரக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஈயின் புழுவுக்கு வயிற்றுப்பக்கம் நுண்ணிய முட்கள் வரிசை வரிசையாக இருக்கும், ஒரு கண்டத்துக்கு (உடல் துண்டுக்கு) ஒரு வரிசை. எந்த வரிசை காணோம், எது இரட்டித்திருக்கிறது, எது திரும்பியிருக்கிறது என்பதுதான் பார்க்க வேண்டியது. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே கருவைப் பார்க்கும்படியான இரட்டை நுண்ணோக்கி வைத்திருந்தார்கள். பார்த்த இடத்திலேயே சண்டை போட்டு முடிவு செய்துவிடலாம்! 1980ல் வந்த அவர்களுடைய கட்டுரையில் 15 மரபணுக்கள் இருந்தன. 1995ல் எட்வர்ட் லூயிஸோடு சேர்த்து நோபல். அந்தப் பட்டியலில் இருந்த ஒரு மரபணு உங்கள் பேரப்பிள்ளையின் கைவரை வரப்போகிறது, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பைகாய்டுக்குத் திரும்புவோம். அதன் அளவைப் பொறுத்து முட்டையில் அடுத்த வரிசை மரபணுக்கள் எழுகின்றன. ஹன்ச்பேக் முன்பாதி முழுக்க. ஜெயன்ட் முன்பக்கம் ஒரு பட்டையாக (பின்பக்கம் இன்னொன்று உண்டு, இப்போது வேண்டாம்). க்ரூப்பல் நட்டநடுவில். இவை ஒன்றையொன்று அடக்கவும் செய்கின்றன. க்ரூப்பல் இருக்கும் இடத்தில் ஜெயன்ட் தலைதூக்காது, அதுபோலவே மறுபக்கமும். மெல்லச் சரியும் ஓர் அளவிலிருந்து தெளிவான எல்லைகள் இப்படித்தான் கிடைக்கின்றன.

அடுத்து ஈவன்-ஸ்கிப்ட் என்ற மரபணு. முட்டை இட்டு மூன்று மணி நேரம் ஆகும்போது இது ஏழு பட்டைகளாக எழுகிறது. நுண்ணோக்கியில் சாயம் ஏற்றிப் பார்த்தால் முட்டை முழுக்க ஏழு வளையம் போட்டது போல, அவ்வளவு ஒழுங்கு. உடலின் கண்டங்கள் எங்கெங்கே பிரிய வேண்டும் என்பதற்கு முதல் கோடு இதுதான். இப்படிச் சம இடைவெளியில் கோடுகள் விழுந்தால் யாருக்கும் ஓர் எளிய கணக்குதான் மனதில் வரும். ஆலன் டூரிங் என்ற கணிதவியலாளருக்கும் வந்தது. ஒன்றையொன்று தூண்டியும் அடக்கியும் பரவும் இரண்டு ரசாயனங்கள் போதும், கோடுகளும் புள்ளிகளும் தாமாகவே விழும் என்று 1952ல் கணிதமாக எழுதிக் காட்டினார். அழகான கணக்கு. ஈயின் ஏழு பட்டைகளும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று பலர் ஆசைப்பட்டார்கள்.

அப்படி இல்லை. ஏழு பட்டைகளுக்கும் பொதுவான கணக்கு எதுவும் அங்கே கிடையாது. முதல் பட்டைக்கு ஒரு சுவிட்ச். இரண்டாவதற்கு வேறு. ஐந்தாவதற்கு வேறு. மூன்றும் ஏழும் ஒரு சுவிட்சைப் பங்குபோட்டுக்கொள்கின்றன, நான்கும் ஆறும் இன்னொன்றை. ஏழு பட்டைக்கு ஐந்து சுவிட்ச்.

அந்த இரண்டாவது பட்டையின் சுவிட்சைத்தான் அமெரிக்காவில் மைக்கேல் லெவினின் குழு தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எழுத்து எழுத்தாகப் பிரித்தது. மரபணுவுக்கு முன்னால் இருக்கும் சுமார் 480 எழுத்து (டிஎன்ஏவின் ஒவ்வோர் அலகும் ஓர் எழுத்து) நீளமுள்ள துண்டு அது. அதில் புரதங்கள் வந்து உட்கார 12 இடங்கள் கண்டார்கள். பைகாய்டுக்கு ஐந்து, ஹன்ச்பேக்குக்கு ஒன்று. இவை இரண்டும் எழுப்புபவை. ஜெயன்டுக்கு மூன்று, க்ரூப்பலுக்கு மூன்று. இவை அடக்குபவை. இப்போது முட்டையின் ஓரமாக நடந்து பாருங்கள். முன்பாதி முழுக்க பைகாய்டும் ஹன்ச்பேக்கும் இருப்பதால் சுவிட்ச் எங்கேயும் எழத் தயார். ஆனால் முன்னால் ஜெயன்ட் உட்கார்ந்து அமுக்குகிறது. நடுவுக்கு வந்தால் க்ரூப்பல் அமுக்குகிறது. இரண்டுக்கும் நடுவே, இருவர் கையும் எட்டாத ஒரு சின்ன இடைவெளி, சில உட்கருக்கள் அகலம். அங்கே மட்டும் அமுக்க ஆள் இல்லை. அந்த இடைவெளிதான் இரண்டாவது பட்டை.

அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்து, நீல நிறம் காட்டும் ஒரு பாக்டீரியா மரபணுவின் முன்னால் ஒட்டி ஈக்குள் வைத்தார்கள். கருவில் ஒரே ஒரு நீலப் பட்டை, இரண்டாவது இருக்க வேண்டிய அதே இடத்தில். அடுத்து அந்தத் துண்டில் ஜெயன்ட் உட்காரும் இடங்களை மட்டும் கெடுத்தார்கள். பட்டை முன்பக்கமாகப் படர்ந்தது. க்ரூப்பலின் இடங்களைக் கெடுத்தபோது பின்பக்கமாகப் படர்ந்தது. எனக்கு இந்தச் சோதனையை எத்தனை முறை படித்தாலும் அலுப்பதில்லை. ஓர் எல்லைக்கோட்டைக் கையால் பிடித்து நகர்த்தியது போல இருக்கிறது.

இந்த இடத்தில் உங்கள் கடைசிக் கேள்வியைத் தொட்டுவிடுகிறேன். கடவுள் உண்டா என்பது என் பணி அல்ல, அதற்கு என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். திட்டம் என்று ஒன்று இருந்திருந்தால் அது எப்படி இருந்திருக்கும் என்பதை மட்டும் யோசிக்கலாம். ஏழு கோடு வரைய வேண்டும் என்றால் நீங்களோ நானோ ஒரு கோட்டுக்கான வழியை எழுதி, ஏழு முறை செய் என்போம். டூரிங் எழுதியது ஏறத்தாழ அதுதான். ஈயிடம் இருப்பதோ, ஒவ்வொரு பட்டைக்கும் பக்கத்தில் அப்போது யார் இருந்தார்களோ அவர்களை வைத்துக்கொண்டு ஒப்பேற்றிய தனித்தனி ஏற்பாடு. பட்டைகளுக்குத் தனித்தனி சுவிட்ச் என்ற செய்தி முதலில் வந்தபோது மைக்கேல் ஏகம் என்ற கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் 1989ல் நேச்சர் இதழில் எழுதிய குறிப்பின் தலைப்பிலேயே, பட்டை போடும் இந்த வழியில் நேர்த்தி இல்லை என்று சொல்லிவிட்டார். என் கட்சியும் அதுதான். துல்லியம் இருக்கிறது, நேர்த்தி இல்லை. இரண்டையும் நாம் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்கிறோம்.

டூரிங்கைத் தோற்றவர் ஆக்கிவிட வேண்டாம். எலியின் மேல்வாயில் இருக்கும் வரிகளிலும், விரல்கள் சம இடைவெளியில் பிரிவதிலும் அவர் சொன்ன மாதிரியான கணக்கு ஓடுவதற்கு 2012லிருந்து நல்ல சான்றுகள் வந்திருக்கின்றன. எந்த இடத்தில் எது வாய்த்ததோ அது.

ஒப்பேற்றல் என்று சொன்னதற்கு இன்னும் இரண்டு சாட்சிகள். முட்டைக்கே முகவரி கொடுக்கும் பைகாய்ட், கொசுவிடம் இல்லை. கொசுவும் ஈயின் உறவுதான், அதற்கும் தலை முன்னால்தான் வருகிறது, வேறு மரபணுவை வைத்துச் சமாளிக்கிறது. இன்னொன்று சிகாகோவில் மார்ட்டின் க்ரைட்மனின் குழு 2000ல் செய்தது. அதே இரண்டாவது பட்டையின் சுவிட்சை வேறொரு இனப் பழ ஈயிலிருந்து எடுத்தார்கள். எழுத்துகள் நிறைய மாறியிருந்தன, புரதங்கள் உட்காரும் இடங்களிலும் மாற்றம். ஆனாலும் நம் ஈக்குள் வைத்தபோது பட்டை சரியான இடத்தில் விழுந்தது. அப்புறம் ஓர் இனத்தின் முன்பாதியையும் மற்ற இனத்தின் பின்பாதியையும் ஒட்டி வைத்தார்கள். பட்டை பிசகியது. அதாவது ஒரு பாதியில் ஏற்பட்ட குறையை மறுபாதி ஈடுகட்டி, ஈடுகட்டி, எழுத்தெல்லாம் மாறிய பிறகும் விளைவு மட்டும் அப்படியே நிற்கிறது. முதலில் வரைந்து வைத்துவிட்டுக் கட்டியது போலத் தெரியவில்லை. குடியிருந்துகொண்டே பழுதுபார்த்தது போலத்தான் தெரிகிறது.

இப்போது பேரனின் விரல்.

ஹைடல்பெர்க் பட்டியலில் ஹெட்ஜ்ஹாக் என்று ஒரு மரபணு. அது கெட்டால் ஈயின் புழு உடல் முழுக்க முள்ளாக இருக்கும், முள்ளெலி மாதிரி, அதனால் அந்தப் பெயர். முதுகெலும்பு உள்ள உயிர்களில் அதன் உறவு மரபணுக்களை 1993ல் கண்டுபிடித்தார்கள். அவற்றில் ஒன்றுக்கு வீடியோ கேம் பாத்திரத்தின் பெயரைச் சேர்த்து சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்று வைத்துவிட்டார்கள். மனிதக் கருவில் கை முதலில் ஒரு சின்னத் துடுப்பாகத்தான் வருகிறது. அந்தத் துடுப்பில் சுண்டுவிரல் பக்கத்து ஓரத்தில் மட்டும் ஒரு சின்னக் கூட்டம் செல்கள் இந்த மரபணுவை எழுப்பிப் புரதத்தைக் கசியவிடுகின்றன. கட்டைவிரல் பக்கம் அது இருக்கக் கூடாது. இருந்தால் என்ன ஆகும் என்பதை மரபணுவின் பெயரே தெரியாத காலத்தில், 1968ல், ஜான் சாண்டர்ஸும் மேரி காசெலிங்கும் கோழிக்கருவில் பார்த்துவிட்டார்கள். சிறகு மொட்டின் பின் ஓரத்துத் திசுவை எடுத்து முன் ஓரத்தில் ஒட்டினார்கள். மூன்று விரல் வர வேண்டிய சிறகில் கண்ணாடிப் பிம்பம் போல ஆறு விரல்.

இந்த மரபணுவைக் கையில் எழுப்பும் சுவிட்ச் எங்கே இருக்கிறது தெரியுமா? மரபணுவிலிருந்து ஏறத்தாழ 10 லட்சம் எழுத்து தள்ளி, சம்பந்தமே இல்லாத இன்னொரு மரபணுவின் நடுவில். நீளம் சுமார் 800 எழுத்து. அதில் ஓர் எழுத்து மாறினாலே சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகக் கட்டைவிரல் பக்கம் கூடுதல் விரல் வருகிறது. கட்டைவிரல் ஓரத்திலும் கொஞ்சம் சோனிக் ஹெட்ஜ்ஹாக் எழுந்துவிடுவதுதான் காரணம். ஃபுளோரிடாவின் கீ வெஸ்டில் எழுத்தாளர் எர்னஸ்ட் ஹெமிங்வே குடியிருந்த வீட்டில் இன்றும் திரியும் கூடுதல் விரல் பூனைகளுக்கும் அதே சுவிட்சில் ஓர் எழுத்துதான் மாறியிருக்கிறது. பாம்புகளிடம் இந்தச் சுவிட்ச் சிதைந்து கிடக்கிறது. 2016ல் எலியின் சுவிட்சை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மலைப்பாம்பினுடையதை வைத்தபோது எலிக்குக் கால்கள் வெறும் மொட்டையாக நின்றுவிட்டன. மனிதனுடையதை வைத்தால் கால்கள் ஒழுங்காக வந்தன.

உங்கள் முதல் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. சோனிக் ஹெட்ஜ்ஹாக் மூளைக்கும் முகத்துக்கும் தண்டுவடத்துக்கும் வேண்டும். மரபணுவே கெட்டால் மூளை இரண்டு பாதியாகப் பிரியாமல் போகும் அளவுக்குப் பெரிய கேடு. கைக்கான சுவிட்ச் மட்டும் பிசகினால் கை மட்டும் மாறும், மற்றதெல்லாம் நலமாக இருக்கும். எலிக்கும் ஈக்கும் பாம்புக்கும் மரபணுக்கள் இவ்வளவு ஒத்திருந்தும் உருவம் மாற முடிவது இதனால்தான்.

உங்கள் குழந்தைக்கு இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. கூடுதல் விரலுக்குப் பல காரணங்கள் உண்டு. ஒரு கையில் மட்டும், குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லாமல் கட்டைவிரல் இரட்டிப்பது பெரும்பாலும் பரம்பரையாக வருவதே இல்லை. ஆனால் "சோதனை சரி, பிறகு எந்த மரபணு" என்று கேட்டீர்களே, அதற்குப் பதில் உண்டு. நீங்கள் எடுத்த குரோமோசோம் சோதனை நுண்ணோக்கியில் குரோமோசோம்களை எண்ணிப் பார்ப்பது. பல பத்து லட்சம் எழுத்து மொத்தமாக விடுபட்டாலோ இடம் மாறினாலோதான் அதில் தெரியும். அடுத்து எக்சோம் என்று ஒரு சோதனையைச் சொல்வார்கள். அது புரதத்துக்கான எழுத்துகளை மட்டும் படிக்கும், இந்தச் சுவிட்ச் அந்த எல்லைக்கு வெளியே இருப்பதால் பொதுவாக அதிலும் சிக்காது. வேண்டுமென்றால் அந்த 800 எழுத்தைத் தனியாகப் படிக்கச் சொல்ல வேண்டும். அது தேவையா என்று மரபணு ஆலோசகரிடம் கேளுங்கள். அப்பா, அம்மா இருவரின் வீட்டிலும் தாத்தா பாட்டிவரை யாருக்காவது கைகால் விரலில் வித்தியாசம் இருந்ததா என்பதுதான் அவர் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கும், விசாரித்துக்கொண்டு போங்கள். விரலை எடுப்பதா வேண்டாமா என்பது தனி விஷயம். எந்த விரலில் எலும்பும் தசைநாரும் உறுதியாக இருக்கிறது என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, கை அறுவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

குழந்தைக்கு என் அன்பு.